ஓரக்குறிப்பு

பிரஸ் மெஷினில் பிலோமினாவின் விரல் ஒன்று போனது. காரணம் அவளுடைய கவனக்குறைவு என்றது கம்பெனியின் அறிக்கை. செல்போனுக்கு வந்த அறிக்கையை ஒரு ஆப்பில் திறந்து, அந்த வரியின் ஓரத்தில், "பொய். மெஷினின் பாதுகாப்பு சென்சாரைக் கழற்றியது நீங்கள்" என்று குறிப்பெழுதி அனுப்பினாள். அனுப்பியதுமே ஆப் அந்தக் குறிப்பை, "படித்தேன், நன்றி" என்று தானாக மாற்றிவிட்டது. வேறு ஆப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பணிவாகத் திருத்தியது. மூன்றாவதும் அப்படித்தான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போய், ஆப்கள் தன் குறிப்பை மாற்றுவதைச் சொன்னாள்.

"எல்லாமே நம்பகமான ஆப்தாம்மா," என்றார் அவர்.

"யாருக்கு சார்?"

மேசைமேல் அறிக்கை திறந்திருந்த அவருடைய போனை இழுத்தாள். கைப்பையிலிருந்த சிவப்பு நெயில் பாலிஷால் திரை முழுக்க "பொய்" என்று எழுதினாள்.

"என்னம்மா பண்றே!"

"இப்பத் திருத்தச் சொல்லுங்க சார் உங்க ஆப்பை. ஒரு விரலுக்குப் போடுற பாலிஷ் எனக்கு இனிமே மிச்சம்தான்."