எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத வண்டி

எங்கள் தெருவில் இப்போது யாரிடமும் கார் இல்லை. ஓட்டுநரில்லாத டிராம் முதன்முதலாக வந்து நின்ற காலையில் தெருவே வாசலுக்கு ஓடிவந்தது. ஒரு கையில் ஆறு வயது மகளை இறுக்கிப் பிடித்தபடியே, புது வண்டிக்கு வைப்பதுபோல், மங்கையர்க்கரசி சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

“பாதையில் தடை இருக்கிறது” என்றது டிராம். அசையவே இல்லை.

“நசுக்கிட்டுப் போப்பா, அதுதான் வழக்கம்” என்று அவள் கணவன் ஞானவேல் கெஞ்சிப் பார்த்தான். உள்ளே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. “ஒரு பழத்து மேலகூட ஏற மாட்டேங்குதுங்க” என்றாள்.

பழத்தை எடுத்தாள். தெருவில் இறங்கினால் ஒருநாளும் விடாத அந்தச் சின்னக் கையை விட்டாள்.

“போடி, நடுத்தெருவுல ஓடு.”