தொண்ணூறு வயது

"இந்தக் கடைசி வரியும் பண்டிதர் கையெழுத்துதானான்னு பார்க்கணும் வேடியப்பா. வேற யாரோ எழுதினதுன்னா அச்சுல சேர்க்க மாட்டாங்களாம்," என்றார் பாரசீகம் படிக்கத் தெரிந்த ஜமீல் அகமது.

1942. ஜப்பான் குண்டு பயத்தில் மெட்ராஸிலிருந்து திருத்தணிக்கு ஏற்றி வந்த புத்தகங்களில் ஒன்று அது. ஐந்நூறு வருஷத்துப் பாரசீக வானநூல். எழுதிய பண்டிதர் கடைசித் தாளில் தம் மகளுக்கு ஜாதகமும் கணித்திருந்தார்.

ஜாதகம் முழுக்க உறுதியான எழுத்து. 'தொண்ணூறு வயது வாழ்வாள்' என்ற வரி மட்டும் நடுங்கியது. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளின் வால்களை ஒப்பிட்ட ஜமீல் சிரித்தார்.

"அதே கையெழுத்துதான். ஆனா வயசான பெறகு எழுதியிருக்காரு."

"பொண்ணு பொறந்தப்பவே ஆயுசும் எழுதிடுவாங்களே பாய்?" என்றான் அரக்கோணத்து பைண்டர் வேடியப்பன்.

"பொண்ணு பேரன் பேத்தியோட வாழ்ந்துகினு இருக்கறதைப் பார்த்துட்டு, தைரியமா எழுதியிருப்பாரு."

அச்சுக்கு அனுப்பும் அறிக்கையிலும் ஜமீல் அப்படியே எழுதினார்.

ஜாதகத்துக்கு முந்தைய இரண்டு தாள்கள் ஒட்டிக்கிடந்தன. வேடியப்பன் ஆவி காட்டிப் பக்குவமாகப் பிரித்தான்.

"தானா ஒட்டினது இல்லீங்க பாய். பசை தடவியிருக்காங்க. உள்ள ஏதோ எழுதியிருக்குது."

பண்டிதரின் பழைய, உறுதியான எழுத்து. இரண்டே வரி. அம்மை போட்டு அந்த மகள் இறந்துபோனாள். வயது மூன்று.

"என்னா பாய் எழுதியிருக்குது?"

அறிக்கையில் 'அவர் கையெழுத்துதான்' என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஜமீல் கோடு போட்டு அடித்தார்.

"ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணோட அப்பா ஒட்டினபடியே திருப்பி ஒட்டிடு."