சத்தம் வராமல்

கேமரா முன் தலை திரும்பினாலோ வாய் திறந்தாலோ ஆன்லைன் தேர்வு ரத்தாகிவிடும். வயது வரம்பின்படி மேகலாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வெளியே, வீட்டு ஓட்டில் உரசும் கிளையை வெட்ட வந்தவர் புங்கமரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஊரில் கம்பம் போதாமல், இன்டர்நெட் ஒயரை அந்தக் கிளையில்தான் கட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரியாது.

“மெஷின் போடவாண்ணே?”

“வேணாம்ப்பா, பாப்பா உள்ள பரீட்சை எழுதுது. கை ரம்பத்துல சத்தம் வராம அறு.”

ரம்பம் இழுபடத் தொடங்கியது. மேகலா திரையைப் பார்த்தபடியே மேசைக்கடியில் இருந்த சொம்பைக் காலால் உதைத்தாள். அது உருண்டது. ரம்பம் நின்றது.

“பாத்தியா, அதுக்குக் கோவம் வந்துருச்சு,” என்றார் அப்பா. “இன்னும் மெதுவா அறு.”

பன்னிரண்டு கேள்விகள் மீதி இருந்தன. கிளையில் எவ்வளவு மீதி என்று அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.