இடது ஓரக் கோப்பை

"இடது ஓரத்துல இருக்கே, அதுதான் பழசு. சொதப்பிடாதீங்க!"

மூன்று தேநீர்க் கோப்பைகள் இருந்த தட்டை மேசையில் வைக்கக் குனிந்த சாக்கில் இதைச் சொல்லிவிட்டு, தேயிலை வியாபாரியின் மகள் உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, அவள் அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தார்.

பெண் கேட்டு வந்திருந்த மாட்டு டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே தடவை பேசியதில் அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தான். ஆனால் பழைய தேயிலையை நாக்கால் கண்டுபிடிப்பவனுக்குத்தான் பெண் என்று பெரியவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"மூணுல ஒண்ணு, எம்பொண்ணு பொறந்த வருஷம் புளிக்க வெச்சுக் கட்டியா அழுத்தி வெச்சது. மத்தது ரெண்டும் நேத்து வந்த சரக்கு. எது கிழம்? சொல்லுங்க தம்பி."

இடது கோப்பையை உறிஞ்சினான். வாய்க்குள் ஒரு மாட்டுத் தொழுவமே வந்து நின்றது. மழையில் ஊறிய வைக்கோல், பழஞ்சாக்கு, ஈர மண். தினமும் முகர்கிற வாசனைதான், குடித்துப் பழக்கமில்லை.

மற்ற இரண்டும் கமகமவென்று இருந்தன.

'அடிப்பாவி! என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாளோ?'

"என்ன தம்பி, கன்னுக்குட்டிக்கு மருந்து புகட்டின மாதிரி முழிக்கிறீங்க?"

"இல்ல சார்... அசை போட்டுக்கிட்டிருக்கேன்."

மறுபடி இடதையே எடுத்தான். இந்த முறை தொழுவம் மெல்ல விலகியது. தொண்டையின் அடியிலிருந்து ஓர் இனிப்பு ஏறி வந்தது. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. அடுத்த வாய்க்குக் கை தானாக நீண்டது.

"இதுதான் சார்."

"அடேங்கப்பா! சரியாச் சொல்லிட்டீங்களே!" பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாக்கு சொல்லுச்சா, எம்பொண்ணு சொன்னாளா?"

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நாக்கும் சொல்லுச்சு சார். ஆனா... அவங்க முந்திக்கிட்டாங்க."

எல்லாம் போச்சு. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க மாப்ளே!" பெரியவர் மிச்சத் தேநீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னால வந்த மூணு பேர் காதையும் அவதான் கடிச்சா. மூணு பேருக்கும் தப்பான கோப்பை!"