இஞ்சின் இறங்கிய வாரம்

ஏற்காட்டில் உசேனின் பட்டறை வாசலில் மூடுபனி விலகி, சில்வர் ஓக் இலைகளின் ஊடே வெயில் துண்டு துண்டாக விழுகிறது. மஞ்சக்குட்டை ஐயாக்கண்ணுவின் முப்பது வருடத்துக் கார், கிளட்ச் மாற்ற வந்து வாயைத் திறந்து நிற்கிறது. அதன் இஞ்சின் சங்கிலியில் தொங்கி, மெல்லச் சுழன்றபடி கறுப்பாகச் சொட்டுகிறது. "இஞ்சினே வெளிய வந்திருச்சுங்க. இதோட ஆயில் சீலு, ரப்பர் ஓஸு எல்லாத்தையும் மாத்தீரலாமுங்கண்ணா. இல்லீன்னா அதுக்குன்னு மறுபடி இறக்கோணும்" என்கிறான் உசேன். "ஓஸு நல்லாத்தானே இருக்குது" என்கிறார் ஐயாக்கண்ணு. உசேன் அதைக் கழற்றி வளைக்கிறான். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விரிகிறது. ஐயாக்கண்ணு அதை மூக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தம்பி வெடிப்பு?" என்கிறார். பழைய டயர் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும் அவர் மனைவி ஆராயியின் கை நிற்கிறது. இந்தக் கண்ணை நம்பித்தான் போன வாரம் அவர் ஓட்ட, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய் வந்தாள். "ஏந்தம்பி, காரு எந்திரிக்க எத்தன நாளாகும்?" "ஒரு வாரமாகுமுங்கக்கா." "அப்ப இதோட இவரு கண்ணுப் பொரையையும் எடுத்துரலாம். கார் ஓட்ட ஆளில்லீன்னே ரெண்டு வருசமாச் சாக்குச் சொல்றாரு. நாளைக்குப் பஸ்ஸுல போயிரலாம்." ஒரு சுளை அவர் கைக்கு வருகிறது. அதைத் தின்னாமல் ஐயாக்கண்ணு உசேனின் காதோரம் குனிகிறார். "ரெண்டு நாள்ல மாட்டீர முடியாதா தம்பி?" உசேன் ஸ்பேனரைத் துடைத்தபடி ஆராயியைப் பார்க்கிறான். "பத்து நாள்கூட ஆகுமுங்கண்ணா."