தெளியாத முதல் பீப்பாய்

சனிக்கிழமை நண்பகல் வெயில், ஷெஃபீல்டின் அந்தச் சின்னஞ்சிறு மதுக்கடைக்குள் சாய்வாக விழுகிறது. கடைக்காரி பிரயனி, தானே முதன்முதலாகக் காய்ச்சிய பீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து ஜன்னலுக்கு நேராக உயர்த்துகிறாள். அதன் வழியே எதிர்வீட்டுக் கதவு தெரியவேண்டும். பழுப்பு மூட்டமே தெரிகிறது. கடையில் இன்று இருப்பது இந்த ஒரு பீப்பாய்தான். டிராம் கடக்கும்போதெல்லாம் அது அதிர, அடியில் படியவேண்டிய வண்டல் மறுபடி கலங்குகிறது. அக்கம்பக்கத்தார் நால்வர் மேசையில் விரல்களால் தாளமிட்டபடி காத்திருக்கிறார்கள். “ஏம்மா, அது பீரா, சூப்பா?” என்கிறார் தபால்காரர் க்ளிஃபர்ட். “வண்டல் இன்னும் அடங்கலண்ணே.” “கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடுறோம், ஊத்து! இல்லன்னா அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவோம்.”

போனால் திரும்புவார்களா என்பது அவளுக்குத் தெரியாது. பீர் இறைக்கும் கைப்பிடியில் விரல்கள் ஒருகணம் இறுகுகின்றன. பிறகு, அதில் மாட்டியுள்ள பீரின் பெயர்ப்பலகையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்புகிறாள். இன்று கிடையாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. மூவர் முணுமுணுத்தபடி வெளியேறுகிறார்கள். க்ளிஃபர்ட் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்குகிறார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?”

“என்னைக் கேக்காதீங்கண்ணே, பீப்பாயைக் கேளுங்க.”