களவா மீனைப் படம் எடுத்த கதை

சிரிப்பு நிச்சயம் உண்டு, ஆனால் இப்போதே தரமாட்டேன். முதலில் களவா மீனின் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

எங்கள் பவளப்பாறைக்கு ஒரு கேமராக்காரி முங்கி வந்தாள். பொடிசுகளை மட்டும் படம் எடுப்பவள். நகக்கண் அளவு இறாலின் முன்னாலேயே காலையெல்லாம் கிடந்தாள். இவ்வளவு பெரிய களவா பக்கத்தில் நீந்திக் காட்டியும் திரும்பவில்லை.

"சாயங்காலம் ஊருக்குப் போயிடுவாடா! அந்தப் பொடியன்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று களவா என்னிடம் புலம்பியது.

நான் நண்டு. எந்தக் குரலும் எனக்கு வரும். பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு கேமரா பேசுவதுபோலப் பேசினேன்: "களவா ஐயா, கிட்ட வாங்க. வாயை நல்லாத் திறங்க. அசையாதீங்க!"

களவா திறந்தது. கேமராக்காரி சட்டென்று அதன் பக்கம் திரும்பினாள். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

"பார்த்தியாடா பொடியா?" என்று இறாலிடம் மிதப்பாகக் கேட்டது களவா.

கேமராக்காரி எடுத்த படத்தைத் திரையில் பார்த்தாள். களவாவும் எட்டிப் பார்த்தது. திரை முழுக்க, அதன் நாக்கில் ஒட்டிக் குடியிருக்கும் பொடி மீன்பேன் காலை விரித்து உட்கார்ந்திருந்தது.

"நான் எடுப்பா விழுந்திருக்கேன், இல்லண்ணே?" என்றது பேன், வாய்க்குள்ளிருந்து.

களவா மெதுவாக என் இடுக்குப் பக்கம் திரும்பியது.

"டேய், நண்டு..."